மத்தியானத்து விளக்கெண்ணெய்

“நஸ்ரின், எழுந்திரு. இது பொய் ரீடிங்” என்று சொல்லி அவளுடைய தாளை முதல் பெஞ்சின் மேல் போட்டேன். கொடுக்கவில்லை, போட்டேன். அது வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது.

பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு. முப்பத்திரண்டு பெண்கள். முந்தின நாள் நடந்த மாதிரிச் செய்முறைத் தேர்வின் தாள்களைத் திருப்பித் தந்துகொண்டிருந்தேன். முப்பத்தொரு பேருக்கும் விடை ஒன்றுபோல வந்திருந்தது. ஒருத்திக்கு மட்டும் அதில் பாதிதான்.

நஸ்ரின் கடைசிக்கு முந்தின பெஞ்சிலிருந்து வந்தாள். குனிந்து தாளை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள்.

“நான் பொய் எழுதல மிஸ். குண்டு அப்டித்தான் மிஸ் வுழுந்துச்சு.”

“அப்போ மத்த முப்பத்தொரு பேரும் எழுதினது பொய்யா?”

வகுப்பு சிரித்தது. சிரிக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். ஆசிரியர்களுக்கு அது ஒரு கெட்ட பழக்கம். ஒரு பிள்ளையை மட்டம் தட்ட வேண்டுமென்றால் மற்ற பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துக்கொள்வோம்.

நஸ்ரின் சிரித்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். என் கேள்விக்கு ‘ஆமாம்’ என்பதுதான் சரியான பதில். அது அவளுக்குத் தெரியும், சிரித்தவர்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கும் அரைகுறையாகத் தெரிந்துதான் இருந்தது.

மொட்டைமாடி ஆய்வகம்

சென்ற வாரம் இந்தத் தொடரில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் படித்த ஒரு வாசகர், ‘உங்கள் பள்ளியில் ஆய்வகம் என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா?’ என்று கேட்டு எழுதியிருந்தார். கேலிதான். இருந்தது ஐயா, நன்றாகவே இருந்தது.

டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் போகும் நெடுஞ்சாலையில், மெட்ரோ ரயில் தலைக்கு மேல் போகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கள் பள்ளி. கட்டடத்தில் இடம் போதாமல், மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு இயற்பியல் ஆய்வகத்தை ஏற்றிவிட்டார்கள். கிழக்கு ஜன்னலில் துறைமுகத்து கிரேன்கள் தெரியும். மேற்கு ஜன்னலுக்குக் கதவே கிடையாது. மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால் அந்த வழியாக ஆலைகளின் வாடை வரும், மத்தியானம் ஆனால் வெயில் வரும்.

அந்த மேற்கு ஜன்னல் ஓரத்தில்தான் எண்ணெய் ஜாடி. ஆள் கை நீளத்துக்கு ஒரு கண்ணாடி ஜாடி, நிறைய விளக்கெண்ணெய். மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் சுற்றிக் கட்டியிருக்கும். சின்ன எஃகுக் குண்டை மேலிருந்து விட வேண்டும். மேல்நூலைக் கடக்கும்போது ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, கீழ்நூலைக் கடக்கும்போது நிறுத்த வேண்டும். அந்த நேரத்தை வைத்து எண்ணெயின் கெட்டித்தனத்தைக் கணக்குப் போடலாம். பாடப்புத்தகம் அதைப் பாகியல் எண் என்கிறது.

பார்க்க அழகான சோதனை. தண்ணீரில் போட்ட குண்டு தொபுக்கென்று போய்விடும். விளக்கெண்ணெயில் அது அவசரப்படாது. நிதானமாக, ஒரே வேகத்தில், விளக்கேற்றப் போகிறவள் மாதிரி இறங்கும். புதிதாக வரும் பெண்கள் முதல் நாள் அதை வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார்கள். இரண்டாவது நாள் அலமாரிக் கதவைப் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள்.

கதவில் எழுதிய எண்கள்

அலமாரிக் கதவின் உள்பக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் ஒருவர் அங்கே எல்லாச் சோதனைகளுக்கும் வர வேண்டிய விடைகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆய்வக உதவியாளர் எத்திராஜ் அவை மங்காதபடி அந்த எழுத்துகளின் மேலேயே வெள்ளைப் பெயிண்டால் ஒருமுறை ஓட்டுவார். அந்த விடைகளுக்குப் பெயர் ‘வேல்யூ’. வேல்யூ வந்ததா என்றுதான் கேட்போம். என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்க மாட்டோம்.

பெண்கள் விடையிலிருந்து பின்னோக்கி வருவார்கள். வேல்யூ இது, அப்படியானால் வேகம் இவ்வளவு, அப்படியானால் நேரம் இவ்வளவு. அந்த நேரத்துக்கு அக்கம்பக்கமாக ஐந்தாறு எண்களை எழுதி அட்டவணையை நிரப்புவார்கள். சந்தேகம் வராமல் இருக்க ஒன்றைக் கொஞ்சம் கூட்டி, ஒன்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். குண்டையும் விடுவார்கள். அது பாட்டுக்குப் போய் அடியில் உட்காரும், அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

தாளின் மேல் மூலையில் ‘எண்ணெயின் வெப்பநிலை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லாரும் முப்பது என்று எழுதுவார்கள். மார்கழியிலும் முப்பது, பங்குனியிலும் முப்பது. அக்கா எழுதியதைத் தங்கை எழுதினாள். தெர்மாமீட்டர் வேறொரு மேசையில் டப்பாவுக்குள் தூங்கியது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நானே அப்படிப் படித்து வந்தவள்தானே. கல்லூரியில் எங்களுக்குக் கதவு கிடையாது, சீனியர் அக்காக்களின் நோட்டு இருந்தது. சோதனை என்றால் இப்படித்தான் என்று பழகிப்போன பிறகு, அதில் திருட்டு இருப்பதே கண்ணில் படுவதில்லை.

நஸ்ரின் என்ன செய்தாள் என்றால், தெர்மாமீட்டரைத் தேடி எடுத்து எண்ணெய்க்குள் விட்டாள். முப்பத்தொன்பது என்று எழுதினாள். குண்டு விழுந்த நேரத்தை எழுதினாள், மூன்று நொடி. தாளின் அடியில், ‘எண்ணெய் சூடாக இருந்தது’ என்று ஒரு வரியும் சேர்த்தாள். அந்த வரியை நான் சிவப்பு மையால் அடித்து, ‘தேவையற்றது’ என்று பக்கத்தில் எழுதினேன்.

வாசலில் நின்ற டேங்கர்

மறுநாள் காலை முதல் பீரியட் முடிவதற்குள் பள்ளி வாசலில் ஒரே ஹாரன் சத்தம். டேங்கர் லாரி ஒன்று சாலை ஓரத்தில் நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கி வந்தவர் நஸ்ரினின் அத்தா, காஜா பாய். மணலியிலிருந்து ஃபர்னஸ் ஆயில் என்கிற கெட்டி எரியெண்ணெய் ஏற்றிக்கொண்டு போகிற டிரைவர். தோளில் துண்டு, கையில் எண்ணெய்க் கறை. ஆசிரியர் அறைக்குள் வராமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

“டீச்சர், வண்டிய ரோட்டுல போட்டுகினு வந்துகீறேன். ரெண்டே நிமிசம். எம் பொண்ணு பொய் எழுதுச்சுன்னு சொன்னீங்களாமே?”

“அது ஒரு சோதனை பாய். விடை தப்பா வந்திருக்கு. அவ்வளவுதான்.”

“தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. திட்டுங்க, நான் கேக்க மாட்டேன். பொய்யின்னு சொன்னீங்களாம். அதுவும் எல்லார் முன்னாடியும். அதான் அதுக்கு பேஜாரு. நேத்துலேர்ந்து சோறு துன்னல.”

நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மரியாதையாகத்தான்.

“இன்னா எண்ண டீச்சர் அது?”

“விளக்கெண்ணெய்.”

“எந்நேரத்துல வுட்டுச்சு குண்ட?”

“மத்தியானம்.”

“மத்தியானம் எண்ண எளகிடும் டீச்சர். மார்கழி மாசம் காலைல நான் லோடு எடுத்துகினு போய் வால்வ தொறந்தா நூலு மாரி ஒழுகும். கம்பெனிக்காரன் ஸ்டீம் குடுத்து காய வெச்சாத்தான் எறங்கும். அதே எண்ண, அதே வால்வு, மத்தியானம் போனா தபதபன்னு கொட்டும். எங்க வண்டி கிளீனருக்கே இது தெரியும். உங்க பொஸ்தகத்துல இல்லியா?”

இருந்தது. வெப்பநிலை உயர்ந்தால் நீர்மங்களின் பாகியல் எண் குறையும். இரண்டு மதிப்பெண் வினா. எத்தனை வருடமாக அதை வகுப்பில் சொல்லி எழுத வைத்திருக்கிறேன். எண்ணெய் ஜாடிக்கும் அந்த வரிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

“பார்க்கிறேன் பாய்” என்றேன்.

“பாருங்க டீச்சர். அது பொய் பேசாது. அத அப்டி வளக்கல நானு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாரன் சத்தம் ஓய்ந்தது.

ஆறும் மூன்றும்

உடனே மாடிக்குப் போனேன். வெயில் இன்னும் மேற்கு ஜன்னலுக்கு வரவில்லை. தெர்மாமீட்டரை எண்ணெயில் விட்டேன், இருபத்தொன்பது. குண்டை விட்டு ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன். ஆறு நொடி. கணக்குப் போட்டால் கதவில் இருக்கிற வேல்யூவுக்குக் கிட்டத்தட்ட வந்தது. சரி, நாம்தான் ஜெயித்தோம் என்று மனதுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம் வந்ததையும் மறைக்கக் கூடாது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மறுபடி போனேன். ஜாடியின் மேல் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியைத் தொட்டால் கதகதப்பாக இருந்தது. தெர்மாமீட்டர் முப்பத்தொன்பது காட்டியது.

குண்டை விட்டேன். மூன்று நொடி.

கை தவறியிருக்கும் என்று இன்னொன்று விட்டேன். மூன்று. இன்னொன்று. ஜாடியை மாற்றவில்லை, எண்ணெயை மாற்றவில்லை, குண்டும் அதே அளவுதான். காலையில் நிதானமாக இறங்கியது இப்போது என் கண்ணுக்கு முன்னால் விறுவிறுவென்று போய் அடியில் உட்கார்ந்தது.

எத்திராஜ் காந்தத்தை ஜாடியின் வெளிப்பக்கம் வைத்துக் குண்டுகளை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். “மதியானம் இப்டித்தான் மிஸ். குண்டு எடுக்கசொல்லவே கைக்குத் தெரியும், லேசா வரும்” என்றார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. மத்தியான பேட்ச்சில் பதினாறு பெண்கள் இந்த ஜாடியின் முன்னால் நின்றிருக்கிறார்கள். பதினைந்து பேர் ஆறு நொடி என்று எழுதியிருந்தார்கள். ஆறு நொடியை அந்த மத்தியானம் யாரும் பார்த்திருக்கவே முடியாது. மூன்று நொடியைப் பார்த்து, மூன்று என்று எழுதியவளைத்தான் நான் பொய்க்காரி என்றேன்.

தனியாகச் சொன்னது

அன்று மாலையே நஸ்ரினைக் கூப்பிட்டேன். ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிற இடம், அங்கே யாரும் இல்லை.

“நீ எழுதினது சரிதாம்மா. நான் செஞ்சு பார்த்தேன். மார்க்கைத் திருத்திப் போட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதே. என்ன பார்க்கிறியோ அதையே எழுது.”

அவள் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். பிறகு கேட்டாள், “கிளாஸ்ல சொல்லுவீங்களா மிஸ்?”

“பார்க்கலாம்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நஸ்ரின் எழுதியது உண்மை என்று வகுப்பில் சொன்னால், மற்றவர்கள் எழுதியது என்ன என்ற கேள்வி வரும். அலமாரிக் கதவு வெளியே வரும். தலைமையாசிரியை வரை போகும். பொதுத்தேர்வின் செய்முறைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. இவ்வளவையும் கிளறி என்ன ஆகப்போகிறது, மார்க் போட்டாயிற்றே, போதாதா என்று நினைத்தேன்.

அடுத்த சில நாட்கள் நான் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் கடைசிக்கு முந்தின பெஞ்சிலிருந்து அவள் நிமிர்ந்து பார்ப்பாள். நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடத் தொடங்குவேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் நிமிர்வது நின்றுபோனது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

சீட்டில் வந்த சோதனை

பொதுத்தேர்வுச் செய்முறைக்கு வேறு பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் தேர்வாளராக வந்திருந்தார். சாதுவான மனிதர். பெண்கள் ஒவ்வொருவராகச் சீட்டு எடுத்தார்கள். மத்தியான பேட்ச்சில் நஸ்ரின் எடுத்த சீட்டைப் பிரித்துக் காட்டினாள். எண்ணெய் ஜாடி.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. இவள் மூன்று நொடி என்று எழுதட்டும், தேர்வாளர் கேட்கட்டும், நான் எழுந்து நின்று விளக்குகிறேன். எல்லாருக்கும் முன்னால் கடன் தீர்ந்துவிடும். அவளுக்குத் தெரியட்டும் என்று தெர்மாமீட்டரை டப்பாவிலிருந்து எடுத்து ஜாடிக்குப் பக்கத்தில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். தொடவில்லை.

குண்டை விட்டாள். ஸ்டாப்வாட்ச் கையில் இருந்தது, கட்டைவிரல் அசையவே இல்லை. குண்டு விறுவிறுவென்று இறங்கிப்போனது. அவள் அதைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் வெப்பநிலை முப்பது என்று எழுதினாள். ஆறு, ஆறுக்குக் கொஞ்சம் மேலே, ஆறுக்குக் கொஞ்சம் கீழே என்று அட்டவணையை நிரப்பினாள். வேல்யூ பிசகாமல் வந்தது.

“வெரி குட்” என்றார் தேர்வாளர். முழு மதிப்பெண் போட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாரும் போன பிறகு படிக்கட்டில் அவளை நிறுத்தினேன். “ஏம்மா இப்படிச் செஞ்சே? பார்த்ததை எழுதுன்னு சொன்னேனே.”

“தனியா சொன்னீங்க மிஸ்” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “பொய்யின்னது மட்டும் எல்லார் முன்னாடியும்.”

கீழே தோழிகள் காத்திருந்தார்கள். இறங்கிப் போய்விட்டாள்.

குளிர்பெட்டிக் கதவில்

நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன. கடைசி வருடத்து ஜூன் மாதத்தில் எத்திராஜ் பெயிண்ட் டப்பாவோடு வந்தபோது, கதவு முழுவதையும் வெள்ளையாகவே அடித்துவிடச் சொன்னேன். அது பெரிய வீரம் ஒன்றும் இல்லை. போகிற வருடத்தில் யாரும் செய்யக்கூடியதுதான்.

சில மாதங்களுக்கு முன் சர்க்கரைப் பரிசோதனைக்காக டோல்கேட் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். உள்ளே கையுறை மாட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். நஸ்ரின்.

“மிஸ்! வாங்க மிஸ். ஒண்ணும் சாப்டாமத்தானே வந்தீங்க? கைய நீட்டுங்க.”

ஊசி போட்டதே தெரியவில்லை. பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லிவிட்டு, மூலையில் இருந்த குளிர்பெட்டியைத் திறந்தாள். மருந்துகள் வைக்கிற பெட்டி. அதன் கதவில் ஒரு தாள் தொங்கியது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே எவ்வளவு குளிர் என்று பார்த்து அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கையை மடக்கியபடி எழுந்து போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் கையெழுத்துப் போட்ட வரிசைகளில் மேலிருந்து கீழ்வரை நான்கு, நான்கு, நான்கு. நஸ்ரின் கையெழுத்துப் போட்ட இடங்களில் மட்டும் ஐந்து, மூன்று, ஆறு, நான்கு என்று எண்கள் மாறி மாறி இருந்தன.

அவள் குனிந்து, கண்ணை இடுக்கி உள்ளே இருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தாள். நிமிர்ந்து ஐந்து என்று எழுதினாள்.

அவளைப் பொய் எழுதப் பழக்கிவிட்டேன் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவள் மாறவே இல்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆளுக்கு முன்னால்தான் அவள் பொய் எழுதியிருக்கிறாள். அந்த ஆள் நான்.

“உன்னைப் பத்தி எழுதப் போறேன்மா. பத்திரிகையில. பேரை மாத்திடட்டுமா?” என்று கேட்டேன்.

குளிர்பெட்டியின் கதவைச் சாத்தினாள்.

“வாணாம் மிஸ். என் பேரையே போடுங்க. அன்னிக்கும் பேரு சொல்லித்தானே எழுப்புனீங்க.”

போட்டுவிட்டேன். அந்த வகுப்பில் இருந்த முப்பத்தொரு பேரில் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அன்று மத்தியானம் எண்ணெய் முப்பத்தொன்பது டிகிரியில் இருந்தது. குண்டு மூன்று நொடியில் இறங்கியது. நஸ்ரின் எழுதியது உண்மை. அதைப் பொய் என்று சொன்ன நான்தான் பொய் சொன்னேன்.